இடது கால் மண்வாரி

வெர்லின் பாக்கேவுக்குப் பிடிக்காதவற்றைச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு குளிர்காலம் போதாது. பழைய ரம்பத்தை எடுத்து, அதன் மேல் பனி விழும் மாட்டுக்கொட்டகையை நீலச் சாயத்தில் வரைந்து சுவரில் மாட்டுகிறவர்களைப் பிடிக்காது. லாடங்களை ஒன்றோடொன்று பற்றவைத்து ஒயின் பாட்டில் தாங்கி செய்கிறவர்களைப் பிடிக்காது. உழைத்துத் தேய்ந்த கலப்பைக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து, தபால் பெட்டிக்குக் கீழே நிறுத்தி, 'எங்கள் பாரம்பரியம்' என்று பலகையும் வைத்திருப்பவர்களைக் கண்டால் அவனுக்கு வண்டியை நிறுத்தி இறங்கிக் காறித் துப்பிவிட்டு வரலாம் போலிருக்கும். அவன் மனைவி ஃபெர்ன் அவனோடு வெளியூர் போகும்போது, அப்படிப்பட்ட வீடு வருகிற பக்கத்து ஜன்னலைத் தன் தலையால் மறைத்துக்கொண்டு வருவாள்.

வட டகோட்டாவின் மேற்கு மூலையில் ஒரு தானியக் கிடங்கும் ஒரு சர்ச்சும் ஒரு மதுக்கடையும் மட்டும் மிச்சமிருக்கிற ஊர் எங்களுடையது. அந்தக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் வெர்லின் லாரிகளை எடை மேடையில் ஏற்றி இறக்கினான். நுரையீரலில் பாதி கோதுமைத் தூசிதான் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு வேலையை விட்டான். வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியைத் திட்டிக்கொண்டிருந்தவனைப் பொறுக்க முடியாமல், ஐம்பத்தேழாவது பிறந்தநாளுக்கு ஃபெர்ன் ஒரு மெட்டல் டிடெக்டரை வாங்கிக் கையில் கொடுத்தாள்.

"போ. எவனாச்சும் தொலைச்ச மோதிரத்தத் தேடு. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வந்தா போதும்," என்றாள்.

மோதிரம் ஒன்றுகூட அகப்படவில்லை. இரும்புதான் அகப்பட்டது. அந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. வெள்ளி இருந்தால் மணி மாதிரி ஒலிக்கும். இரும்பு இருந்தால் வயிறு சரியில்லாத நாய் மாதிரி உறுமும். காசு தேடுகிறவர்கள் முதல் வேலையாக அந்த உறுமலை அணைத்துவிடுவார்கள். அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. வெர்லின் அணைக்கவில்லை. முதலில் அந்தப் பொத்தான் எது என்று தெரியாததால் அணைக்கவில்லை. தெரிந்த பிறகு வீம்புக்காக அணைக்கவில்லை. ஊரே வேண்டாம் என்று காதைப் பொத்திக்கொள்கிற சத்தத்தைத் தேடிப் போவது அவன் சுபாவத்துக்குப் பொருந்தியும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கைவிடப்பட்ட வீடுகளுக்குப் பஞ்சமில்லை. ஐந்து வருடம் குடியிருந்து, வீடு கட்டி, உழுது காட்டினால் நூற்றறுபது ஏக்கர் சொந்தம் என்று அரசாங்கம் சொன்ன காலத்தில் வந்து குவிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அடுத்த இருபது வருடத்துக்குள் ஓடிவிட்டார்கள், இல்லையென்றால் செத்துவிட்டார்கள். வீடு போய்விடும். வாசலில் வைத்த லைலாக் புதர் மட்டும் வயல் நடுவில் யாருக்கும் வேண்டாமல் பூத்துக்கொண்டு நிற்கும். புதரைக் கண்டால் பக்கத்தில் நிலவறைக் குழி இருக்கும். குழி இருந்தால் இரும்பு இருக்கும்.

அந்தக் காலத்தை நினைத்து யாராவது உருகினால் வெர்லினுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் தோண்டி எடுத்தது அவனுக்குத்தானே தெரியும். விரல் நீளத்துக்குத் தேய்ந்தும் தூக்கி எறியாத களைக்கொத்து. உடைந்த கீலுக்குப் பதிலாக வேலிக் கம்பியை முறுக்கிப் போட்ட கதவு. மூன்று தடவை ஒட்டுப் போட்ட வாணலி. கக்கூஸ் குழியில் விழுந்த இடுக்கியைக்கூட விடாமல் கம்பி போட்டுத் தூண்டி எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கம்பியும் குழியிலேயே அறுந்து கிடந்தது. பேனும் பசியும் நாற்றமுமாகக் கிடந்தவர்கள் அவர்கள். அவர்களைப் பார்த்து அவன் பரிதாபப்பட்டான். அவர்கள் பேரன் பேத்திகள் அதைச் சட்டம் போட்டு மாட்டியதைப் பார்த்தால்தான் குமட்டியது.

எடுத்த இரும்பை அவன் கொட்டகையில் ஒரு தொட்டியில் போடுவான். தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, பேட்டரி சார்ஜரின் கம்பிகளை மாட்டினால், இரண்டு நாளில் துரு முழுக்கக் கழன்று பழுப்பு நுரையாக மேலே வந்து நிற்கும். முதல் வருடம் தொட்டி வாங்கவில்லை. ஃபெர்ன் ஜாம் காய்ச்சுகிற அண்டாவை எடுத்துக்கொண்டான்.

"என்ன நாத்தம் இது? யாரு செத்தது?" என்று கொட்டகை வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள் ஃபெர்ன்.

"துருதான்."

"துரு இப்படி நாறாது. நீ எந்த வீட்டுக் கக்கூஸ் குழியில கைய விட்ட? உண்மையச் சொல்லு."

"நூறு வருசம் ஆச்சு, ஃபெர்ன். எல்லாம் மண்ணாப் போயிருக்கும்."

"மண்ணாப் போனாலும் யாரோடதோ தானே? என் அண்டாவுல மிதக்குது!"

அந்த அண்டா அப்புறம் சமையலறைக்குத் திரும்பவில்லை.

சுத்தமான இரும்புக்குத் தேன்மெழுகு தேய்ப்பான். யாரும் பார்க்காத ஓர் இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் பொடியாக எண் எழுதுவான். எந்த நிலம், எந்தத் தேதி, எத்தனை அங்குலம் என்று நோட்டில் குறித்துக்கொள்வான். பிறகு எல்லாவற்றையும் கொண்டுபோய், பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருக்கிற மாவட்ட மியூசியத்தில் அட்டையோடு ஒப்படைத்துவிடுவான். ஒன்றைக்கூட வீட்டில் வைத்துக்கொண்டதில்லை. விற்றதில்லை. பழைய இரும்பைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவனிடம்தான் கேட்பார்கள். அவன் 'ஆமாம்' என்றால் ஆமாம். அவனுக்கென்று இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

அப்படி அவன் எடுத்ததில் அவன் மனதில் நின்றது ஒரு மண்வாரி. காலால் மிதித்து இறக்குகிற வகை. ஐந்து வருடத்துக்கு முன்பு, தீனா ஓமோட் என்கிற பெண்ணின் நிலத்தில் கிடைத்தது. அவளைப் பற்றி நிலப் பதிவில் இரண்டு வரியும் சர்ச் பதிவேட்டில் ஒரு வரியும் இருக்கின்றன. நார்வேயிலிருந்து இருபத்தாறு வயதில் தனியாக வந்தாள். 1907-இல் நிலம் கேட்டாள். ஐந்து வருடம் குடியிருந்து காட்டிப் பட்டா வாங்கினாள். 1918 நவம்பரில் விஷக் காய்ச்சலில் செத்தாள். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, கல்லறைக்குக் கல்கூட இல்லை.

அந்த மண்வாரியின் இடது தோளில் ஒரு லாடத் துண்டை வைத்து மூன்று லாட ஆணிகளால் தறைந்திருந்தாள். மிதிக்கிற இடம் அகலமாக இருக்க வேண்டும் என்று. வலது தோள் புதுசு மாதிரி இருந்தது. யாரும் அதில் கால் வைத்ததே இல்லை. தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. வலது முழங்கால் கெட்டிருந்ததோ, பிறவியிலேயே இடது கால்காரியோ, யாருக்குத் தெரியும்? வெர்லின் தன் பூட்ஸை வைத்துப் பார்த்தான். பாதி பாதம்கூடக் கொள்ளவில்லை. சின்னக் கால். அந்தச் சின்னக் காலால் மிதித்து மிதித்து அவள் புல்தரையைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கி வீடு கட்டியிருக்கிறாள், கிணறு எடுத்திருக்கிறாள். அட்டையில் அவள் பெயரை அவன் எழுத்து எழுத்தாக நிறுத்தி எழுதினான். தீனா ஓமோட் என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு உலகத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி அது ஒன்றுதான்.

அவள் செத்த மறு வருடம் அந்த நிலம் பக்கத்து நிலத்துக்காரன் நீல்ஸ் ஹெட்லண்டின் கைக்குப் போனது. இன்றைக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டியவரை ஹெட்லண்டுகளுடையதுதான். அந்தக் குடும்பத்துக்குத் தலைவி லவான் ஹெட்லண்ட். பள்ளியில் வெர்லினுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். சர்ச் கமிட்டியில் அவள், பள்ளிக்கூடக் கமிட்டியில் அவள், மியூசியத்துக்கும் அவள்தான் தலைவி. தீனாவின் நிலத்தில் பாதியைத்தான் வெர்லின் தேடியிருந்தான். மீதிக்கும் லவான் அனுமதி தர வேண்டும்.

ஏப்ரல் மாதம் லவான் ஒரு தட்டு எலுமிச்சை கேக்கோடு வீட்டுக்கு வந்தாள்.

"வெர்லின், ஜூன் மாசம் எங்க குடும்பம் எல்லாம் ஒண்ணு கூடுது. தாத்தா நீல்ஸ் வந்து எறங்கி நூத்திப் பத்து வருசம். நூத்தி நாப்பது பேரு வர்றாங்க. அவரு கையால பிடிச்ச சாமான் ஏதாவது ஒண்ணு மண்ணுலேர்ந்து எடுத்துக் குடேன். மியூசியத்துல அவருக்குன்னு ஒரு கண்ணாடிப் பொட்டி வெக்கிறோம்."

"இருந்தா எடுத்துத் தர்றேன்."

"இல்லாம எங்க போகும்? அஞ்சு வருசம் அவரு குடியிருந்து காட்டின நிலம். பட்டா இருக்கு."

மே மாதம் மூன்று நாள் வெர்லின் நீல்ஸின் முதல் நிலத்தை அங்குலம் அங்குலமாக நடந்தான். கிடைத்தது இரண்டு தோட்டா உறை, ஒரு புகையிலை டப்பா மூடி, டிராக்டர் காலத்துக் கொக்கி ஒன்று. லைலாக் இல்லை. குழி இல்லை. ஆணி இல்லை. தீனாவின் பத்தடிக்குப் பதினாலடிக் குடிசை இருந்த இடத்தில் நானூறு ஆணிக்கு மேல் கிடைத்தன, அடுப்பு வாய் கிடைத்தது, கேத்தல் மூக்கு கிடைத்தது. ஐந்து வருடம் ஒரு மனிதன் ஓர் இடத்தில் இருந்தால் ஓர் ஆணியாவது கீழே போடாமல் இருப்பானா? தூங்காமல் இருந்தானா, சமைக்காமல் இருந்தானா, கதவே இல்லாத வீட்டில் இருந்தானா?

வெர்லினுக்குப் பழைய வம்பு ஒன்று ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் சக்கரம் வைத்த ஒரு பெட்டி வீட்டை நிலத்துக்கு நிலம் இழுத்துக்கொண்டு போவார்களாம். அதிகாரி வருகிற அன்றைக்கு வீடு அங்கே நிற்கும். இரண்டு சிநேகிதர்கள் பைபிளில் கை வைத்துச் சத்தியம் பண்ணுவார்கள். மறுநாள் வீடு அடுத்தவன் நிலத்துக்குப் போய்விடும். நீல்ஸ் ஊருக்குள் மரக்கடை வைத்திருந்தவன். மரக்கடைக்காரனுக்கு ஒரு வீட்டை வண்டியில் ஏற்றுவதா கஷ்டம்?

"அங்க இரும்பு ரொம்பக் கம்மியா இருக்கு, லவான்," என்று போய்ச் சொன்னான்.

"எவ்ளோ கம்மி?"

"ஒரு ஆணிகூட இல்ல. அங்க யாரும் குடியிருந்த மாதிரி தெரியல."

லவான் காப்பியைக் கலக்கினாள். "அது வித்தியாசமா இருக்கே," என்றாள்.

எங்கள் ஊரில் ஒருவரை முகத்துக்கு நேரே அடிப்பதற்கு இதுதான் வார்த்தை. இதற்கு மேல் யாரும் போகமாட்டார்கள். சமையல் வாயில் வைக்க முடியாவிட்டாலும் இதுதான், பையன் ஜெயிலுக்குப் போனாலும் இதுதான்.

"நாங்க கூடற சனிக்கிழமை எல்லாரு முன்னாடியும் இன்னொரு தடவ பாரு," என்றாள் லவான். "மேக்கு ஓரத்துல அந்த ஒத்த எல்ம் மரம் இருக்குல்ல, அதுக்குக் கீழ பாரு."

எல்ம் மரத்தடியை அவன் ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்திருந்தான். அதைச் சொல்லவில்லை.

ஜூன் சனிக்கிழமை நூற்றி நாற்பது ஹெட்லண்டுகளும் ஒரே நிறத்துச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். ஆரஞ்சு நிறம். நெஞ்சில் நீல்ஸின் மீசை முகம், கீழே 'இந்த மண்ணை நாங்கள் உழைத்து வாங்கினோம்'. அரிசோனாவிலிருந்து வந்தவர்கள் செருப்புப் போட்ட கால்களால் உழைத்த மண்ணின் முள்ளை மிதித்து அலறிக்கொண்டிருந்தார்கள். வாரப் பத்திரிகையிலிருந்து கேமராவோடு ஒரு பெண் வந்திருந்தாள். வெர்லின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எல்ம் மரத்தடிக்கு நடந்தான். மரத்துக்குப் பத்து அடி முன்னாலேயே கருவி உறுமியது.

குனிந்தவுடனே தெரிந்துவிட்டது. வெர்லின் தோண்டும்போது புல்லை மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கீல் மாதிரி விட்டுத் திறப்பான். மூடினால் புல் சாகாது. இங்கே நாலு பக்கமும் கேக் வெட்டின மாதிரி வெட்டியிருந்தது. ஓரமெல்லாம் மஞ்சள் பாரித்திருந்தது. புல்லைத் தூக்கினால் மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்து கிடந்தன. நூறு வருடம் கிடந்த இரும்பு தன்னைச் சுற்றி மண்ணைச் செம்பட்டை ஆக்கிவிடும்; இந்த மண் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. யாரோ போன வாரம் வைத்துவிட்டுப் போன சாமான். அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. ஏதோ ஏலத்தில் வாங்கின மண்ணாங்கட்டியாக இருக்கும், எடுத்துக் காட்டிவிட்டு, 'நல்லா பொதைச்சிருக்கீங்க' என்று கிண்டலாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தான்.

கையை உள்ளே விட்டான். தகடு. தோள். தோளில் ஒரு லாடத் துண்டு. மூன்று ஆணி.

தேன்மெழுகின் வழவழப்பு விரலில் ஒட்டியது. அவனே தேய்த்த மெழுகு. பின்பக்கம் அவன் வெள்ளையில் எழுதிய எண்ணைக் கத்தியால் சுரண்டி எடுத்திருந்தார்கள். சுரண்டின தடம் பளபளத்தது. மியூசியச் சாவி ஒருத்தியிடம்தான் இருக்கிறது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவள் செத்தவளின் கைச் சாமானைத் திருடி, குடியிருக்காத தாத்தாவின் கையில் கொடுத்திருக்கிறாள்! தீனாவைத் தோண்டி எடுத்து நீல்ஸின் குழியில் போட்ட மாதிரி இருந்தது.

அவன் எழுந்து நின்றான். மண்வாரி கையில் இருந்தது. கைதட்டல். யாரோ ஒரு கிழவி அழுதாள். எல்லாக் கைகளிலும் போன் உயர்ந்திருந்தது. கூட்டத்தின் முதல் வரிசையில் லவான் நின்றாள். அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். பயமே இல்லை அந்தப் பார்வையில். விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டம்மாவை நூற்றி நாற்பது விருந்தாளிகள் முன்னால் எங்கள் ஊரில் எவனும் அவமானப்படுத்தமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

பத்திரிகைப் பெண் ஓடி வந்தாள். "ஐயா, எவ்ளோ ஆழத்துல இருந்துச்சு?"

"பத்து அங்குலம்."

"எவ்ளோ பழசு இருக்கும்?"

"நூறு வருசத்துக்கு மேல."

இரண்டும் உண்மை. கேவலம் அதில்தான் இருந்தது.

"அப்போ இது நீல்ஸ் ஹெட்லண்டோடதா இருக்கலாமா, ஐயா?"

சொல்லிவிட வேண்டியதுதான். நாக்கு நுனியில் தீனாவின் பெயர் நின்றது. பின்னால் சர்ச் பெண்கள் மேஜைகளில் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. ஃபெர்னும் அங்கேதான் இருந்தாள். லவான் லேசாகச் சிரித்தாள்.

"இருக்கலாம்," என்றான் வெர்லின்.

அதற்குப் பிறகு சாப்பாடு. உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் சேர்த்து அடுப்பில் சுட்ட பண்டம், லெஃப்சே ரொட்டி, துருவின கேரட் உள்ளே மிதக்கிற பச்சை ஜெல்லி. யார் யாரோ வந்து அவன் முதுகில் தட்டினார்கள். அவன் தட்டில் ஜெல்லி ஆடிக்கொண்டே இருந்தது. அதையும் சாப்பிட்டான். வேண்டாம் என்று அதற்கும் சொல்ல வாய் வரவில்லை.

வண்டியில் திரும்பும்போது ஃபெர்னிடம் சொன்னான். ஓட்டிக்கொண்டிருந்தவள் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள்.

"அந்தப் பொண்ணு கேட்டப்போ வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க, ஃபெர்ன்."

"அதுக்குத்தான்டா அவ எல்லாரையும் கூப்பிட்டதே! நாட்டுல இருக்கிற அத்தன பேரையும் திட்டுவ. தொலைக்காட்சியத் திட்டுவ, தபால் பொட்டியத் திட்டுவ. நெஜமாத் திட்ட வேண்டிய எடத்துல மட்டும் உனக்கு மரியாத வந்துருச்சா?"

"ஞாயித்துக்கிழமை சொல்லிடறேன்."

"இன்னிக்கே போய்ச் சொல்லு. வண்டியத் திருப்பறேன்."

"ஞாயித்துக்கிழமை," என்றான் அவன். மறுநாள் ஞாயிறு ஹெட்லண்டுகள் அத்தனை பேரும் அதே ஆரஞ்சுச் சட்டையோடு சர்ச்சை நிறைத்திருந்தார்கள். ஊருக்குப் போகப் போகிறவர்களின் மனதை ஏன் கெடுக்க வேண்டும் என்று அதையும் தள்ளிப்போட்டான்.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் அவன் படம். 'நிபுணர் உறுதி செய்தார்' என்று எழுதியிருந்தது. வாசித்துவிட்டு மியூசியத்துக்குப் போனான். புதுக் கண்ணாடிப் பெட்டியில் மண்வாரி வெல்வெட் துணி மேல் கிடந்தது. லாடத் துண்டு தறைந்த தோள் துணியின் மடிப்புக்குள் மறைந்திருந்தது. பித்தளைத் தகட்டில் வாசகம்: 'நீல்ஸ் ஹெட்லண்டின் மண்வாரி. அவருடைய சொந்த நிலத்தில், அவர் வாழ்ந்த இடத்தில் கண்டெடுத்தவர் வெர்லின் பாக்கே.' அலமாரியில் தீனாவின் இடத்தைத் தேடினான். அங்கே ஒரு தையல் மிஷினை நகர்த்தி வைத்திருந்தார்கள். அட்டை இல்லை. நானூறு ஆணிகளைப் போட்டு வைத்திருந்த டப்பாவும் இல்லை.

அது அவனை உலுக்கிவிட்டது. லவான் செய்தது திருட்டு. ஆனால் அதன் மேல் முத்திரை குத்தியது அவன். நீல்ஸுக்குச் சத்தியம் பண்ண அன்றைக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒருவனே போதுமாக இருந்திருக்கிறது. அந்த ஒருவனைக் கண்ணாடியில் பார்க்க அவனுக்கு அருவருப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து முகத்தைக்கூடக் கண்ணாடி இல்லாமலே மழித்தான், இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டான்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் காப்பிக்குக் கூடியிருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். வெர்லின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். 

"ஒரு விசயம் சொல்லணும். அந்த மண்வாரி நீல்ஸோடது இல்ல. தீனா ஓமோட்டோடது. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி நானே அவ நெலத்துல எடுத்து மியூசியத்துல குடுத்தேன். அதத் திரும்ப எடுத்து எல்ம் மரத்தடியில பொதைச்சிருக்காங்க. என் நோட்டுல எல்லாம் இருக்கு. நீல்ஸ் நெலத்துல ஒரு ஆணி கெடையாது. அவரு அங்க ஒரு நாளும் குடியிருக்கல."

கரண்டிகள் நின்றன. பாஸ்டர் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் திரும்பி லவானைப் பார்த்தார்கள். அவள் காப்பி கேத்தலோடு நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு ஊற்றுகிற முறை அவளுடையது.

"தீனா நெலமும் எங்க நெலம்தான், வெர்லின். தொண்ணூத்தெட்டு வருசமா," என்றாள் பொறுமையாக. "ஹெட்லண்ட் மண்ணுலேர்ந்துதான் அது வந்துச்சு. சரி, அத விடு. நூத்தி நாப்பது பேரு முன்னாடி, பேப்பர்க்காரப் பொண்ணு கேட்டப்போ, நீதானே 'இருக்கலாம்'னே? போன் வெச்சிருந்தவங்க எல்லாரும் புடிச்சு வெச்சிருக்காங்க. அன்னிக்குச் சொன்னத நம்பறதா, இன்னிக்குச் சொல்றத நம்பறதா? நீயே சொல்லு."

"அன்னிக்குப் பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

அவனிடம் பதில் இருந்தது. மரியாதைக்கு. ஒரு வேளைச் சாப்பாட்டு மேஜையின் அமைதிக்கு. பாதி தேடாமல் விட்ட நிலத்துக்கு அனுமதி போய்விடுமே என்று. ஒன்றையும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. எல்லாமே அவ்வளவு அற்பமாக இருந்தன. யாராவது ஒருவர், 'யார் அந்தத் தீனா?' என்று கேட்டிருந்தால் போதும், அவளுடைய சின்னக் காலிலிருந்து ஆரம்பித்திருப்பான். யாரும் கேட்கவில்லை. ஜன்னலோர மேஜையில் ஒருவர், "அது வித்தியாசமா இருக்கே," என்றார். அவனைப் பார்த்துத்தான் சொன்னார். இன்னொருவர் மழை வருமா என்று கேட்டார்.

ஃபெர்ன் எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். "லவான், நீ ஊத்தற காப்பிய விட எங்க வீட்டுத் துருத் தொட்டித் தண்ணி சுத்தம்," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. அப்படி ஒரு வார்த்தை அந்தக் கீழ்த்தளத்தில் அதுவரை யாரும் பேசியதில்லை. அவள் கோட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டாள்.

வெர்லின் போகவில்லை. எல்லாரும் மறுபடி பேச ஆரம்பித்த பிறகு, லவானிடம் மெதுவாகச் சொன்னான்:

"மண்வாரிய நீயே வெச்சுக்கோ. அந்தத் தகட்டுலேர்ந்து என் பேர மட்டுமாவது எடுத்துரு."

லவான் அவனை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தாள்.

"உன் பேரு இல்லாட்டி அத யாரு நம்புவா, வெர்லின்?"

சொல்லிவிட்டு, அவன் கோப்பை காலியாக இருப்பதைக் கவனித்து, கேத்தலைச் சாய்த்து நிறைய ஊற்றினாள்.

"ரொம்ப நன்றி, லவான்," என்றது அவன் வாய்.